காபூல் செல்லும் அலுவலருக்கு

அயல்நாட்டுக்கு அலுவல் நிமித்தம் புறப்படும் அரசு ஊழியரிடம், கிளம்புவதற்கு ஓரிரு நாட்கள் முன்பு ஒரு குறிப்பு கொடுக்கப்படும். அது இரண்டு பக்கமும் இருக்கலாம், ஆறு பக்கமும் இருக்கலாம். எழுதியவர் பெயர் அதில் இராது. எந்த நூலகத்திலும் அதற்குச் சேர்க்கை எண் கிடையாது. படித்து முடித்ததும் கிழித்தெறிய வேண்டும் என்னும் எதிர்பார்ப்போடு எழுதப்படுவது அது. ஆனால் நம் அலுவலர்கள் எதையும் கிழித்தெறிபவர்கள் அல்லர். 2002 முதல் 2021 வரை ஆப்கானிஸ்தானில் இந்தியா மேற்கொண்ட வளர்ச்சிப் பணிகளைக் குறித்து தில்லியில் இருந்துகொண்டு ஆய்வு செய்துவரும் எனக்கு, ஓய்வுபெற்ற பொறியாளர்களும் மருத்துவர்களும் தணிக்கையாளர்களும் பழைய கோப்புறைகளைத் திறந்து காட்டியபோது, விமானச் சீட்டின் அடிக்கட்டைக்கும் தடுப்பூசிச் சான்றுக்கும் இடையில் இந்தக் குறிப்புகள் மடிந்து கிடந்தன. அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபட்ட குறிப்புகள். சிலவற்றில் எண்ணெய்க் கறை. ஒன்றின் பின்புறத்தில் பேரீச்சம்பழமும் பிஸ்தாவும் வாங்கிய கணக்கு.

ஆய்வேட்டில் இவற்றுக்கு நான் ஒதுக்கியிருப்பது அரை அத்தியாயம். ஆயினும் மனத்தில் அவை பிடித்துக்கொண்ட இடம் பெரிது. 2022 ஜூனில் இந்தியாவின் தொழில்நுட்பக் குழு மீண்டும் காபூலுக்குச் சென்றது. 2025 அக்டோபரில் அது தூதரகமாக மீண்டும் தரம் உயர்த்தப்பட்டது. எனவே புதிய குறிப்புகள் எங்கேனும் தட்டச்சாகிக்கொண்டிருக்க வேண்டும். அவற்றை எழுதுபவர்கள் என் முகநூல் பக்கத்தைப் படிக்கப்போவதில்லை. படிக்கும் நண்பர்களில் மத்திய அரசுப் பணியில் இருப்போர் சிலர் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

முதலில் எளிய விஷயங்கள். அலுவல் பயணத்துக்கு வழங்கப்படுவது வெள்ளை அட்டை போட்ட கடவுச்சீட்டு. தூதரக அலுவலர்களுக்குரியது கருஞ்சிவப்பு. வெள்ளைச் சீட்டைக் கையில் வாங்கியவுடன் தம்மை யாரும் கைது செய்ய இயலாது என்று எண்ணிக்கொள்ளும் அலுவலர்களை நான் சந்தித்திருக்கிறேன். 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அளிக்கும் பாதுகாப்பு, அந்நாட்டில் முறைப்படி பொறுப்பேற்ற தூதரகப் பணியாளர்களுக்கு உரியது. அணைக்கட்டைப் பார்வையிட வந்த பொறியாளருக்கு அட்டையின் நிறம் அத்தகைய கவசம் எதையும் தருவதில்லை. விமான நிலையத்தில் வரிசை சற்றுக் குறையலாம், அவ்வளவுதான்.

வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்பதற்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் ஆறாம் பிரிவுப்படி உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி தேவை. பயணத்தின்போது திடீரென நோயுற்று மருத்துவ உதவி பெற நேர்ந்தால் மட்டும் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். நோயிலிருந்து மீண்டவர் முதலில் எழுத வேண்டிய கடிதம் அது! இவை எல்லா நாட்டுக்கும் பொதுவானவை. இனிக் காபூல்.

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம் அது. இந்திய நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. வெள்ளிக்கிழமை வாரவிடுமுறை, வியாழன் பிற்பகலிலேயே அலுவலகங்கள் ஓயத் தொடங்கிவிடும். ஆண்டு, சூரிய நாட்காட்டியின்படி மார்ச் 21 அளவில் பிறக்கிறது. ஆனால் 2012இல் நிதியாண்டு மட்டும் டிசம்பர் 21க்கு மாற்றப்பட்டது. ஒரு தணிக்கையாளர் ‘இந்த ஆண்டுக்கான செலவு’ என்று எழுதும்போது எந்த ஆண்டு என்பதை மூன்று வகையில் கேட்க வேண்டியிருந்தது என்றார். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அவர்களுடையது அந்நாட்களில் டிசம்பரில் தொடங்கியது, மக்களின் ஆண்டோ மார்ச்சில். குண்டுவெடிப்பைவிட இதுவே தம்மைத் தூங்கவிடாமல் செய்தது என்று அவர் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன்.

குளிர்காலத்தில் செல்வோருக்கான வரிகளில் ‘புகாரி’ பற்றிய எச்சரிக்கை தவறாமல் இருக்கும். விறகோ கரியோ டீசலோ எரியும் இரும்புக் கணப்பு அது. காஷ்மீரில் பணிபுரிந்தவர்களுக்கு அறிமுகமானது. கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு அதை எரியவிட்டுத் தூங்கினால் காலையில் எழுந்திருக்க முடியாமலே போகலாம். நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. தெற்கிலிருந்து சென்றவர்களுக்குக் கடுங்குளிர் புதிது. ஆகவே அவர்கள்தாம் எல்லாத் துவாரங்களையும் துணி வைத்து அடைப்பவர்கள்.

சாலைக்கு வெளியே இறங்குவது பற்றியும் ஒரு வரி உண்டு. பல்லாண்டுப் போர்கள் நிலத்தில் விட்டுச்சென்ற கண்ணிவெடிகளே அதற்குக் காரணம். சிவப்புச் சாயம் பூசிய கற்கள் தென்பட்டால் அப்பால் கண்ணிவெடி இருக்கிறது. வெள்ளைச் சாயம் பூசிய கற்கள் தென்பட்டால் அந்தப் பகுதி துப்புரவாக்கப்பட்டுவிட்டது. புல்-இ-கும்ரியிலிருந்து இந்து குஷ் மலையைக் கடந்து காபூலுக்கு மின்சாரம் கொண்டுவந்த 220 கிலோவோல்ட் தடத்தில் பணிபுரிந்து, இன்று குருகிராமில் குடியேறிவிட்ட ஒரு தமிழ்ப் பொறியாளர் இதைச் சொல்லும்போது சிரித்தார். “தம்பி, எட்டு மணி நேரப் பயணத்தில் அவசரத்துக்குச் சாலையோரம் ஒதுங்கக் கூடாது என்றால் என்ன செய்வது? தார் விளிம்பிலேயே, எல்லாரும் பார்க்க, பத்து அதிகாரிகள் வரிசையாக நிற்போம். பதவி உயர்வுப் பட்டியலின் முறைப்படி அல்ல” என்றார். 2009 ஜனவரியில் அந்தத் தடத்தில் மின்சாரம் காபூலை வந்தடைந்தது.

மொழியைப் பற்றிக் குறிப்புகள் தடுமாறுவதைக் கவனித்தேன். தரியும் பஷ்தூவும் அந்நாட்டின் அலுவல் மொழிகள். ஆனால் காபூலில் இந்தி பேசிக் காரியம் முடிக்கலாம். இந்திப் படங்களும், பாகிஸ்தானின் அகதி முகாம்களில் வளர்ந்த தலைமுறையின் உருதும், தரியில் குரல் மாற்றி ஒளிபரப்பான மாமியார்-மருமகள் தொடர்களும் அதற்குக் காரணம். இந்தியர் என்று தெரிந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார், தேநீர் வரவழைப்பார், துளசி எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். இந்த அன்பு உண்மையானது. எல்லாக் குறிப்புகளும் அதை ஒப்புக்கொள்கின்றன. அடுத்த பத்தியிலேயே, பொது இடங்களில் இந்தி பேசுவதைத் தவிர்க்கவும் என்று இருக்கிறது. இரண்டும் சரியே. நேசிப்பவர்கள் அடையாளம் கண்டுகொள்ளும் அதே குரலைக் கொண்டுதான் மற்றவர்களும் அடையாளம் காண்கிறார்கள். தென்னிந்தியர்கள் தமக்குள் தமிழிலோ மலையாளத்திலோ பேசிக்கொண்டதுதான் அந்நாட்களில் பாதுகாப்பான ஏற்பாடாக இருந்தது என்று அந்தப் பொறியாளர் சொன்னார். இந்தியைத் திணிப்பவர்களுக்கு இதை அனுப்பிவைக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பாதுகாப்பு அறிவுரைகளுக்கு வருவோம். மேலோட்டமாகப் படித்தால் அவை பாட்டி சொல்லும் எச்சரிக்கைகளைப் போலிருக்கும். ஒரே வழியில் தினமும் போகாதே. ஒரே நேரத்தில் கிளம்பாதே. வாசலில் நின்று பேசாதே. வண்டியில் எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்கவிடாதே. சில மாதங்கள் இவற்றை அருகருகே வைத்துப் படித்த பின் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த வரிகள் பொதுவான விவேகத்திலிருந்து பிறந்தவை அல்ல. ஏறத்தாழ ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தேதி இருக்கிறது.

அலுவலகத்துக்குச் செல்லும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்னும் வரியின் அருகில் 2008 ஜூலை 7 என்று எழுதிக்கொள்ளலாம். அது திங்கட்கிழமை. காலை அலுவலக நேரத்தில் இந்தியத் தூதரகத்தின் வாயிலுக்குள் ஒரு கார் நுழைந்துகொண்டிருந்தது. அதில் பாதுகாப்புப் பிரிவுப் பொறுப்பாளர் பிரிகேடியர் ரவி தத் மேத்தாவும் இந்திய வெளியுறவுப் பணியைச் சேர்ந்த வி. வெங்கடேஸ்வர ராவும் இருந்தனர். வெடிமருந்து ஏற்றிய வண்டி அப்போது வந்து மோதியது. இருவரும் மாண்டனர். வாயிலைக் காத்து நின்ற இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையின் வீரர்கள் இருவரும் மாண்டனர். மொத்தம் இறந்தவர்கள் 58 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்கானியர்கள். இந்திய விசாவுக்காக வெளியே வரிசையில் நின்றவர்கள், தெருவில் நடந்து போனவர்கள், எதிரே கடை வைத்திருந்தவர்கள். தில்லியில் மருத்துவம் பார்க்கவும் படிக்கவும் வரவேண்டியவர்கள் அந்த வரிசையில் இருந்திருப்பார்கள்.

2009 அக்டோபர் 8இல் அதே தூதரகம் மீண்டும் தாக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சுற்றுச்சுவரும் தடுப்புகளும் பலப்படுத்தப்பட்டிருந்தன. உள்ளே இருந்த இந்தியர் எவரும் இறக்கவில்லை. வெளியே 17 பேர் இறந்தனர். இந்த இரண்டு எண்களை ஒரே தாளில் எழுதிவைத்துப் பார்த்த நாளில்தான் என் அத்தியாயத்தின் திசை மாறியது. சுவர் உயர்ந்தது, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள், அதுவே சுவரின் வேலை. அந்த வேலையில் குறை சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனால் சுவரைத் தாண்ட முடியாத வெடிப்பின் விசை தெருவின் பக்கமாகத் திரும்புகிறது. அங்கே நிற்பவர்களுக்கு எவரும் குறிப்பு எழுதித் தருவதில்லை.

விருந்தினர் இல்லங்களைப் பற்றிய வரிகள் 2010 பிப்ரவரி 26க்கு உரியவை. வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள், விடிகாலை. இந்தியர்கள் தங்கியிருந்த விருந்தினர் இல்லங்கள் தாக்கப்பட்டன. காபூலில் பணியாற்றிக்கொண்டிருந்த ராணுவ மருத்துவர் மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங், ஆயுதம் ஏதும் இல்லாமல் தாக்க வந்தவனைப் பிடித்துக்கொண்டு மாண்டார். அவருக்கு 2011 குடியரசு நாளில் அசோகச் சக்கரம் வழங்கப்பட்டது. அதன் பிறகான குறிப்புகளில், ஒரே நாட்டினர் ஒரே இல்லத்தில் குவிந்து தங்குவது பற்றிய எச்சரிக்கை அழுத்தமாக வருகிறது. குவிந்திருந்தால் காவல் வைப்பது எளிது. பிரிந்திருந்தால் இலக்காவது குறையும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அடுத்த நிகழ்வு அதைத் தவறென்று காட்டக்கூடும்.

ஓட்டல் அறைகளுக்கும் இதே கதை. தரைத்தளம் கூடாது, தெருப்பக்கம் கூடாது, மேல்தளமே நல்லது என்று 2008 ஜனவரியில் செரீனா ஓட்டல் தாக்கப்பட்ட பிறகு ஒருவர் பெற்ற குறிப்பு சொல்கிறது. 2018 ஜனவரியில் இன்டர்கான்டினென்டல் ஓட்டல் ஓர் இரவு முழுவதும் முற்றுகையிடப்பட்டது. மேல்தளங்களில் அகப்பட்டுக்கொண்டவர்கள் படுக்கை விரிப்புகளை முடிந்து பால்கனி வழியாக இறங்கினார்கள். அதன்பின் எழுதப்பட்ட குறிப்பு ஏணிக்கு எட்டாத உயரம் வேண்டாம் என்கிறது. நடுத்தளம், பின்பக்கம், படிக்கட்டுக்கு அருகில், ஆனால் படிக்கட்டை ஒட்டி அல்ல. இப்படிப்பட்ட அறை ஒரு கட்டடத்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். குழுவிலோ பன்னிருவர். எந்த அறை யாருக்கு என்பதைப் பதவி வரிசை தீர்மானித்தது. இதைச் சொன்னவர் அந்தப் பன்னிருவரில் பதினோராமவர்.

பதவி வரிசை என்பது இந்த விஷயத்தில் விளையாட்டல்ல. நிம்ரோஸ் மாகாணத்தில் ஸரஞ்ச் முதல் தெலாராம் வரை 218 கிலோமீட்டர் நீளச் சாலையை நம் எல்லைச் சாலைகள் அமைப்பு போட்டது. அங்கே பணிபுரிந்த மணியப்பன் ராமன் குட்டி, கேரளத்தைச் சேர்ந்தவர், 2005 நவம்பர் 19இல் கடத்தப்பட்டார். சில நாட்களில் அவர் உடல் கிடைத்தது. அவர் ஓட்டுநர். அதன் பின்னரே அந்தச் சாலைப் பணிக்கு இந்தோ-திபெத்தியக் காவல் படை அனுப்பப்பட்டது. நான் பார்த்த குறிப்புகள் அனைத்திலும் ஓட்டுநர் வருகிறார். ‘உங்கள் ஓட்டுநர் நம்பகமானவரா என்று உறுதி செய்துகொள்ளவும்’, ‘ஓட்டுநரிடம் பயணத் திட்டத்தை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம்’, ‘ஓட்டுநர் எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும்’. அவர் ஐயத்துக்கு உரியவராகவும் கருவியாகவும் வருகிறார். வண்டியிலேயே இருக்கும் அவருக்கு என்ன அறிவுரை என்று ஒரு குறிப்பிலும் இல்லை. வண்டியிலேயே இருக்கச் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆளில்லா வண்டிக்கு அடியில் எதை வேண்டுமானாலும் ஒட்டிவிட்டுப் போகலாம். ஆக, அதிகாரி கூட்டத்தில் இருக்கும் மூன்று மணி நேரம், அபாயத்தின் மேல் உட்கார்ந்திருப்பது ஓட்டுநரின் பணி.

வெளியே போகாதே என்பதே எல்லாக் குறிப்புகளின் சாரமும். இதைக் கடைப்பிடித்த அலுவலர்களின் பணி என்னவாயிற்று என்பது தனியாக ஆராயத்தக்கது. ஹெராத்தின் கிழக்கே, ஹரி ருத் ஆற்றின் மேல் சல்மா அணை எழுந்தது. சாலை பாதுகாப்பற்றதாக இருந்ததால் இந்தியப் பொறியாளர்கள் ஹெலிகாப்டரில் போய் வந்தார்கள். 2016 ஜூன் 4இல் அது திறக்கப்பட்டது. ஆனால் எல்லாப் பணிக்கும் ஹெலிகாப்டர் கிடைக்காது. தொலைமாவட்டங்களில் கட்டப்பட்ட சிறு பள்ளிகளையும் மருந்தகங்களையும் அனுப்பிவைக்கப்பட்ட நிழற்படங்களைக் கொண்டே சரிபார்க்க வேண்டியிருந்ததாகத் தணிக்கையாளர் சொன்னார். ஒரே கதவு இரண்டு பள்ளிகளின் படத்தில் இருந்ததை அவர் கண்டுபிடித்தார். கேட்டபோது, இரண்டுக்கும் ஒரே தச்சர் என்று பதில் வந்ததாம். இருக்கலாம். போய்ப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

போய்ப் பார்த்தவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த இயேசு சபைப் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம் குமாரை நண்பர்களில் பலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். அகதிகளுக்கான அமைப்பின் சார்பில் ஹெராத்தில் பணியாற்றிய அவர், 2014 ஜூன் 2இல் ஒரு கிராமப் பள்ளிக்குச் சென்றிருந்தபோது கடத்தப்பட்டார். அதற்குப் பத்து நாள் முன்புதான் ஹெராத்தில் இந்தியத் துணைத் தூதரகம் தாக்கப்பட்டிருந்தது. எட்டு மாதங்களுக்கு மேல் சிறைப்பட்டிருந்து, 2015 பிப்ரவரி 22இல் விடுதலையானார். அவர் அரசு அலுவலர் அல்லர், இந்தக் குறிப்புகளில் எதுவும் அவருக்காக எழுதப்பட்டதும் அன்று. பள்ளிக்குப் போகாமல் பள்ளி நடத்த முடியாது என்பதுதான் அவருடைய நிலைமை.

இனி, குறிப்புகளில் இரண்டே சொற்களாக வரும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்.’ அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்தியக் கல்வி உதவித்தொகையில் இங்கே ஒரு நகரத்தில் பட்டம் பெற்றுக் காபூலுக்குத் திரும்பி, அங்கே வந்துபோன இந்தியக் குழுக்களுக்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாக மொழிபெயர்ப்பாளராகவும் ஏற்பாட்டாளராகவும் இருந்தவர். அந்தத் தமிழ்ப் பொறியாளர் வழியாக எனக்கு அறிமுகமானார். நாங்கள் காணொளியில் மட்டுமே பேசியிருக்கிறோம், முப்பது மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

‘சுற்றுப்புறத்தில் மாற்றங்களைக் கவனித்து விழிப்புடன் இருக்கவும்’ என்பது குறிப்புகளில் அடிக்கடி வரும் வாசகம். நேற்று வந்து நாளை மறுநாள் திரும்பும் தில்லி அலுவலர் எதை மாற்றம் என்று அறிவார்? அந்த வாசகத்தை உண்மையாக்கியவர் இந்த மனிதர். விடியலுக்கு முன் தம் தாயாருக்குத் தொலைபேசி செய்வார். தாயார் வீட்டருகே ஒரு நாற்சந்தி, அதன் மூலையில் தந்தூர் ரொட்டிக்கடை. கடை வழக்கமான நேரத்தில் திறந்திருக்கிறதா, ரொட்டி வாங்கக் குழந்தைகள் வந்திருக்கிறார்களா, இல்லை இன்று பெரியவர்கள் வந்திருக்கிறார்களா என்று கேட்பார். குழந்தைகளை அனுப்பாத நாளில் அந்தத் தெருவினருக்கு ஏதோ செய்தி கிடைத்திருக்கிறது என்று பொருள். அன்று குழுவை வேறு வழியில் அழைத்துப்போவார். காரணம் கேட்கும் அதிகாரியிடம், சாலை பழுதுபார்க்கிறார்கள் சாஹிப் என்பார். ஒருமுறை ஓர் அதிகாரி, காபூல் மாநகராட்சி இத்தனை சுறுசுறுப்பாக இருக்கிறதே என்று வியந்தாராம்.

இந்தியர்களைக் காலணியைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் எனக்குச் சொன்னார். குழுவினருக்கு உள்ளூர்க் கடையில் காலணி வாங்கித்தருவார். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் தெருவில் இறங்குமுன் கழற்றி உள்சட்டைப்பையில் வைக்கச் சொல்வார். விருந்தினர் இல்லத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை முதல்நாள் இரவுவரை சொல்லமாட்டார். இரத்த வகையை ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தாமே ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்வார். ஷஹர்-இ-நவில் இத்தாலிய ‘எமர்ஜென்சி’ அமைப்பு நடத்தும் அறுவை மருத்துவமனைக்கு எந்த நேரத்தில் எந்தச் சந்து திறந்திருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இவ்வளவும் செய்து, மாலையில் குழுவை இரும்புக் கதவுக்குள் அனுப்பிவிட்டு, ஐந்து பேர் நெருக்கி உட்காரும் பழைய கொரோலா வாடகைக் காரில் வீடு திரும்புவார். நாள்முழுதும் இந்தியர்களோடு காணப்பட்ட மனிதர், ஒரே வழியில், ஏறத்தாழ ஒரே நேரத்தில். அவருக்கு வேறு வழியில்லை. அந்தக் கார்கள் அந்த ஒரு வழியில்தான் ஓடின.

2021இல் காபூலின் இந்தியத் தூதரகம் ஜூன் இறுதியிலிருந்து அடுத்தடுத்து எச்சரிக்கைகள் வெளியிட்டது. தேவையற்ற பயணங்களைத் தவிர்க்கவும், நகருக்கு வெளியே செல்ல வேண்டாம், பயணிகள் விமானங்கள் நிற்குமுன் கிளம்பிவிடவும். இந்தியக் குடிமக்களை நோக்கி எழுதப்பட்ட தெளிவான, பொறுப்பான வாசகங்கள் அவை. பலர் அவற்றால் நேரத்தோடு வெளியேறினார்கள். ஆகஸ்ட் 15இல் நகரம் வீழ்ந்தது. 17ஆம் நாள் காலை இந்திய விமானப்படையின் சி-17 விமானம் தூதரையும் பணியாளர்களையும் காவல் படையினரையும் ஏற்றிக்கொண்டு ஜாம்நகர் வழியாக ஹிண்டன் வந்து சேர்ந்தது. அந்தப் படையின் மூன்று மோப்ப நாய்களும் அதில் வந்தன. இதைப் பற்றி அவர் கசப்பின்றிப் பேசினார். “அவற்றை எனக்கு நன்றாகத் தெரியும். என் பையை எத்தனை முறை முகர்ந்திருக்கின்றன! நல்ல நாய்கள். அவற்றை விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்” என்றார்.

அவரிடம் செல்லுபடியாகும் இந்திய விசா இருந்தது. ஆகஸ்ட் 25இல், ஆப்கானியர்கள் இனி மின்-விசாவில் மட்டுமே இந்தியாவுக்குப் பயணம் செய்யலாம் என்றும், நாட்டுக்கு வெளியே இருப்போரிடம் உள்ள முந்தைய விசாக்கள் செல்லாது என்றும் அறிவிப்பு வந்தது. சில விசா ஒட்டிய கடவுச்சீட்டுகள் தவறான கைகளுக்குப் போயின என்னும் செய்தி அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. பாதுகாப்பு நோக்கில் அந்தக் காரணத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அவரும் ஒதுக்கவில்லை. “நான் குறிப்பு எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்” என்றார். மின்-விசாவுக்கு விண்ணப்பித்தார். காத்திருந்தார்.

பத்தாண்டுகளில் சேர்ந்த இந்திய அதிகாரிகளின் முகவரி அட்டைகள் அவரிடம் நாற்பதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். பல முகவரிகள் செயலிழந்திருந்தன. பணிமாற்றம், ஓய்வு, சிலர் மரணம். ஏழு பேர் பதில் எழுதினார்கள். மூவர் தம்மால் இயன்ற அளவு கடிதங்கள் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர், ஓய்வூதியர், நேரில் ஓர் அலுவலகத்துக்குப் போய் மூன்று நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். இதை எனக்குச் சொன்னது அவரல்லர், அவருடைய மனைவி. மற்றவர்கள் நன்றி மறந்தவர்கள் என்று நான் எழுதமாட்டேன். அவர்களில் சிலரை நேர்கண்டிருக்கிறேன். பதவி விட்டுப் போன பின் யாருக்கு எழுதுவது, எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பயணம் போகும் அலுவலரைப் பாதுகாக்க விதி இருக்கிறது. பாதுகாத்தவரைப் பற்றி அறிக்கையில் குறிப்பிட ஒரு கட்டம்கூட எந்தப் பயண அறிக்கைப் படிவத்திலும் நான் பார்க்கவில்லை. வாடகைக் கார்ச் செலவுக்குக் கட்டம் இருக்கிறது, மொழிபெயர்ப்புக் கட்டணத்துக்கும் இருக்கிறது. பெயருக்கு இல்லை.

ஆகவே காபூலுக்கோ அதைப் போன்ற வேறு நகரத்துக்கோ செல்லவிருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடிய நடைமுறை யோசனை ஒன்றுதான். திரும்பி வந்து எழுதும் பயண அறிக்கையின் இணைப்பில், உங்களோடு வந்த ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் முழுப்பெயர், தந்தை பெயர், பணியாற்றிய நாட்கள், செய்த வேலை ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். அதைப் பொதுக்கோப்பில் வைக்காமல், முத்திரையிட்டுத் தனியாகக் கொடுங்கள். வெளியே கசிந்தால் அதே பட்டியல் அவர்களுக்கு எமனாகும். ஐந்தாண்டு கழித்து அவர்கள் எந்தக் கவுன்டரில் நின்றாலும், இவர் இன்ன நாளில் நமக்காகப் பணியாற்றினார் என்று ஒரு கோப்பு எண்ணையாவது காட்ட முடியும். மின்னஞ்சல் அனுப்பியவருக்கு அன்று இல்லாமல்போனது அந்த எண்தான்.

மின்-விசா கிடைக்கவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பிறகு அவர் வேறொரு நாட்டுக்குத் தரைவழியாகப் போய்ச்சேர்ந்தார். அங்கே ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். தாயார் இன்னும் காபூலிலேயே, அந்த நாற்சந்தியின் அருகிலேயே இருக்கிறார். அதனால் என் ஆய்வேட்டிலும் அவருக்குப் பெயர் இல்லை. அவர் ‘நேர்காணல் 31’. அத்தியாயத்தின் வரைவை ஆங்கிலத்தில் அவருக்கு அனுப்பியிருந்தேன். பணி முடிந்து இரவில் படித்ததாகச் சொன்னார். ஒரே ஒரு திருத்தம் அனுப்பினார். ரொட்டிக்கடை ஐந்து மணிக்குத் திறக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது கோடையில், பனிக்காலத்தில் ஐந்தரை.